ஏழரை மில்லிமீட்டருக்கு அப்பால்

நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.8 ஜி லென்ஸின் விவரக் குறிப்பில் 0.45 மீ. என்று ஓர் எண் இருக்கும். சென்சாரிலிருந்து 45 செ.மீ.க்கும் கிட்டத்தில் இருக்கும் எதையும் இந்த லென்ஸ் தெளிவாகக் காட்டாது என்று அதற்கு அர்த்தம். அந்த எல்லையில் 27 மி.மீ. விட்டமுள்ள பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுத்தால், அது சென்சாரின் மேல் 4 மி.மீ. வட்டமாக விழும். மாமரத்து முசுறு எறும்பை எடுத்தால், அது பெரிய வேலைக்கார எறும்பாகவே இருந்தாலும் ஒன்றரை மி.மீ. கூடத் தேறாது. கணினியில் போட்டு எவ்வளவு பெரிதாக்கினாலும் எறும்புக்குக் கண் இருப்பது தெரியும். அந்தக் கண்ணுக்குள் நூற்றுக்கணக்கான சிறுகண்கள் இருப்பது தெரியாது.

இந்த இடத்தில் பலரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இந்தக் கண்ணாடிக்கு அவ்வளவுதான் சக்தி, எறும்பை எடுக்க வேண்டுமென்றால் மேக்ரோ லென்ஸ்தான் வாங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். மேக்ரோ லென்ஸின் விலையோ பல பத்தாயிரம். ஆசை அதோடு முடிந்துபோகிறது.

உண்மையில் தடையாக நிற்பது கண்ணாடி அல்ல, லென்ஸுக்குள் இருக்கும் நகர்வுப் பாதை. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதி முன்னால் நகர்கிறது. கிட்டே இருக்கும் பொருளை ஃபோகஸ் செய்ய அது இன்னும் முன்னால் வர வேண்டும். ஐம்பது மி.மீ. லென்ஸில் அந்தப் பயணம் ஏறக்குறைய ஏழரை மில்லிமீட்டர். அதோடு பாதை முடிந்து, வளையம் முட்டி நின்றுவிடுகிறது. பாதையை நீளமாக வைத்தால் லென்ஸின் நீளமும் எடையும் விலையும் ஏறும். மனிதர்களையும் மாடவீதிகளையும் எடுப்பவர்களுக்கு அது தேவையும் இல்லை. ஆகவே தயாரிப்பாளர்கள் அங்கே நிறுத்திக்கொண்டார்கள். நாமும் அங்கே நிற்க வேண்டுமென்று இயற்பியலில் எந்த விதியும் இல்லை.

பள்ளிக்கூடத்துச் சமன்பாடு

பள்ளியில் படித்த லென்ஸ் சமன்பாடு நினைவிருக்கலாம். பொருளின் தூரம், பிம்பத்தின் தூரம் ஆகிய இரண்டின் தலைகீழிகளையும் கூட்டினால் குவியத் தூரத்தின் தலைகீழி வரும். தேர்வுக்குப் பிறகு பெரும்பாலோர் மறந்துவிட்ட இந்த ஒரு வரிக்குள்தான் மலிவு மேக்ரோவின் எல்லா வித்தைகளும் இருக்கின்றன.

பிம்பத்தின் தூரத்தைப் பொருளின் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். இதையும் மேலே சொன்ன சமன்பாட்டையும் சேர்த்தால் கைக்கடக்கமான ஒரு கணக்கு வருகிறது. லென்ஸ் முடிவிலியை ஃபோகஸ் செய்யும் நிலையிலிருந்து எத்தனை மி.மீ. முன்னால் வந்திருக்கிறதோ, அதைக் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் உருப்பெருக்கம். ஏழரையை ஐம்பதால் வகுத்தால் 0.15. நாணயம் 4 மி.மீ. ஆனது இந்தக் கணக்கில்தான். அதே லென்ஸை 50 மி.மீ. முன்னால் தள்ளினால் விடை 1. அதாவது 9 மி.மீ. எறும்பு சென்சாரிலும் 9 மி.மீ. நீளத்துக்கு விழும். இந்த 1:1 நிலையைத்தான் மேக்ரோ என்று கறாராகச் சொல்வார்கள்.

இதை எட்டுவதற்கு வழிகள் மூன்று. லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கூட்டலாம். குவியத் தூரத்தைக் குறைக்கலாம். லென்ஸைத் திருப்பிப் போடலாம். கடையில் விற்கும் அத்தனை மலிவு உபகரணங்களும் இந்த மூன்றில் ஒன்றாகவோ இவற்றின் கலவையாகவோதான் இருக்கும்.

குழல்

முதல் வழிக்கான சாதனம் எக்ஸ்டென்ஷன் ட்யூப். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழல் இது. உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, காற்றுதான். கென்கோ நிறுவனத்தின் தொகுப்பில் 12, 20, 36 மி.மீ. என மூன்று குழல்கள் வரும். மூன்றையும் சேர்த்து மாட்டினால் 68 மி.மீ. லென்ஸின் சொந்த ஏழரையையும் கூட்டி ஐம்பதால் வகுத்தால் ஒன்றரை மடங்கு. மேக்ரோ என்று சொல்லும் அளவைத் தாண்டியாயிற்று.

மின்தொடர்பு உள்ள குழல்களின் விலை சில ஆயிரங்கள். தொடர்பு இல்லாத வெறும் உலோக வளையங்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்பவர்கள் கேமராவின் பாடி கேப், லென்ஸின் பின்மூடி இரண்டிலும் வட்டமாகத் துளையிட்டு, நடுவில் ஒரு துண்டு பிவிசி குழாயை ஒட்டிக்கொள்ளலாம். குழாயின் உட்புறத்தில் கறுப்புத் தாளை ஒட்டுவது அவசியம். இல்லாவிட்டால் உள்ளே சிதறும் ஒளியால் படம் வெளிறிவிடும்.

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி மகன், துருத்தி வைத்த கேமராவை ஒரு நுண்ணோக்கியோடு இணைத்து 1885 ஜனவரி 15 அன்று ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம்பிடித்தார். அப்போது அவருக்கு வயது 19. வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகங்களை எடுத்தார். அந்தத் துருத்தி செய்த வேலையைத்தான் இன்றைய குழலும் செய்கிறது.

குழல் எல்லா லென்ஸுக்கும் ஒத்துவராது. கணக்கில் குவியத் தூரம் கீழே, வகுக்கும் எண்ணாக இருப்பதைக் கவனியுங்கள். 200 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழல் மாட்டினால் கூடுவது எட்டில் ஒரு பங்குதான். மறுபக்கம், 18 மி.மீ.யில் வைத்த கிட் லென்ஸில் 12 மி.மீ. குழலை மாட்டினாலே ஃபோகஸ் ஆகும் இடம் முன் கண்ணாடியோடு ஒட்டிவிடும், சில லென்ஸ்களில் கண்ணாடிக்கு உள்ளேயே போய்விடும். அங்கே எறும்பை வைக்க வழியில்லை. குழலுக்குத் தோதானது 35 முதல் 85 மி.மீ. வரை. அதிலும் ஐம்பதுதான் ராசியானது.

லென்ஸுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி

நாற்பது வயதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய், செய்தித்தாளைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிவைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மருத்துவர் எழுதிக்கொடுப்பது பிளஸ் ஒன்றரை, பிளஸ் இரண்டு என்று ஒரு கண்ணாடி. கிட்டத்தில் பார்க்க முடியாத கேமரா லென்ஸுக்கும் வைத்தியம் இதேதான். ஃபில்டர் மாட்டும் திருகில் பொருத்தும் க்ளோஸ்-அப் ஃபில்டர், பெயரில் ஃபில்டர் என்றாலும், ஒரு குவிலென்ஸ்தான். பவரும் அதே டயாப்டர் கணக்கில்தான் சொல்லப்படும். +1, +2, +4, +10 என நான்கு கொண்ட தொகுப்பு சில நூறு ரூபாய்க்கு விற்கிறது.

ஆயிரத்தை டயாப்டரால் வகுத்தால் அந்த லென்ஸின் குவியத் தூரம் மி.மீ.யில் கிடைக்கும். +4 என்றால் 250 மி.மீ. கேமரா லென்ஸை முடிவிலிக்கு வைத்துவிட்டு, முன்னால் +4 மாட்டினால், சரியாக 25 செ.மீ. தூரத்தில் இருப்பது தெளிவாகும். உருப்பெருக்கத்துக்கு, கேமரா லென்ஸின் குவியத் தூரத்தை ஃபில்டரின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸில் +4 மாட்டினால் கிடைப்பது 0.2. அதே ஃபில்டரை 200 மி.மீ. லென்ஸில் மாட்டினால் 0.8.

குழல் கணக்கில் கீழே இருந்த குவியத் தூரம் இங்கே மேலே ஏறிவிட்டது. இதை ஒரு வரியில் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: குட்டை லென்ஸுக்குக் குழல், நெட்டை லென்ஸுக்குக் கண்ணாடி. ஏற்கெனவே 55-250, 70-300 போன்ற ஜூம் வைத்திருப்பவர்கள் குழலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மலிவான ஃபில்டரின் குறை படத்தின் ஓரங்களில் தெரியும். ஒற்றைக் கண்ணாடி சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது. அதனால் கறுப்பு வெள்ளை விளிம்புகளில் ஊதாவும் பச்சையுமாகக் கோடு படரும். +10இல் இது கண்ணை உறுத்தும். இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து இந்த நிறப்பிறழ்ச்சியைச் சரிசெய்தவை அக்ரோமேட் எனப்படும். ரேனாக்ஸ் டிசிஆர் 250 அந்த வகையில் பெயர்பெற்றது. அதன் பவர் +8. 200 மி.மீ. லென்ஸின் முன்னால் கிளிப் போல மாட்டினால் 1.6 மடங்கு கிடைக்கும். சில ஆயிரம் ரூபாய் ஆகும், ஆனாலும் மேக்ரோ லென்ஸின் விலையில் சிறு பங்குதான்.

திருப்பிப் போடு

மூன்றாவது வழி பார்ப்பதற்கு விபரீதமாக இருக்கும். லென்ஸைக் கழற்றி, முன்பக்கம் கேமராவைப் பார்க்க, பின்பக்கம் எறும்பைப் பார்க்க மாட்டுவது. இதற்கு ரிவர்ஸ் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது. ஒரு பக்கம் கேமராவில் பொருந்தும், மறுபக்கம் லென்ஸின் ஃபில்டர் திருகில் பொருந்தும். எல்லாவற்றிலும் மலிவானது இதுதான்.

வேடிக்கை போலத் தோன்றினாலும் இதன் பின்னால் நல்ல தர்க்கம் இருக்கிறது. சாதாரண லென்ஸை வடிவமைப்பவர் ஓர் அனுமானத்தோடு தொடங்குகிறார். பொருள் வெகு தூரத்தில் இருக்கும், பிம்பம் சில செ.மீ. பின்னால் விழும். உள்ளே இருக்கும் ஆறேழு கண்ணாடிகளின் வளைவுகளும் இடைவெளிகளும் இந்த ஏற்பாட்டில் பிழைகள் குறையும்படி அமைக்கப்பட்டவை. உருப்பெருக்கம் ஒன்றைத் தாண்டினால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. இப்போது பொருள்தான் கிட்டத்தில் இருக்கிறது, பிம்பம் எட்டத்தில் விழுகிறது. ஒளி எந்தப் பாதையில் போகிறதோ அதே பாதையில் திரும்பியும் வரக்கூடியது. ஆகவே லென்ஸைத் திருப்பிப் போட்டால், எந்த ஏற்பாட்டுக்காக அது செதுக்கப்பட்டதோ அதே ஏற்பாடு மீண்டும் அமைகிறது.

குவியத் தூரம் குறையக் குறைய உருப்பெருக்கம் ஏறும். திருப்பிய 50 மி.மீ. ஏறக்குறைய 1:1 தரும். 28 மி.மீ. இரண்டு மடங்கைத் தாண்டும். கேமராவோடு இலவச இணைப்பாக வந்த 18-55 கிட் லென்ஸை 18இல் வைத்துத் திருப்பினால் மூன்று மடங்குக்கும் மேலே போகும். எதற்கும் ஆகாது என்று ஓரங்கட்டப்பட்ட லென்ஸ் இந்த வேலையில் எல்லோரையும் முந்திவிடுகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. எஸ்எல்ஆர் கேமராக்களில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு பிரதிபலிப்புக் கண்ணாடி மேலும் கீழும் ஆட வேண்டும். அதற்கு இடம்விட, லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை கேனன் ஈஎஃப் கேமராவில் 44 மி.மீ., நிக்கான் எஃப் கேமராவில் 46.5 மி.மீ. இடைவெளி வைத்தார்கள். லென்ஸைத் திருப்பும்போது அந்த இடைவெளி நமக்கும் எறும்புக்கும் நடுவே வந்துவிடுகிறது. 50 ஆனாலும் 18 ஆனாலும் நாலைந்து செ.மீ. தள்ளி நின்று எடுக்கலாம். மிரர்லெஸ் கேமராக்களுக்கென்றே செய்த புது லென்ஸ்களில் இந்த இடைவெளி சோனியில் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16 மி.மீ. மட்டுமே. அவற்றைத் திருப்பினால் பூச்சி லென்ஸில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்க வேண்டிவரும். இந்த விஷயத்தில் பழைய லென்ஸ்தான் உசத்தி.

சிக்கல் அபெர்ச்சரில். கேமராவோடு தொடர்பு அறுந்துவிடுவதால் துளையைச் சுருக்கவோ விரிக்கவோ கேமராவால் முடியாது. கேனன் ஈஎஃப் லென்ஸுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. லென்ஸை ஒழுங்காக மாட்டி, எஃப் 8 வைத்து, டெப்த் பிரிவ்யூ பொத்தானை அழுத்திக்கொண்டே லென்ஸைக் கழற்றினால் துளை அதே அளவில் நின்றுவிடும். நிக்கானின் ஜி வகையில் பின்னால் ஒரு சிறு நெம்பு இருக்கும், அதைத் தள்ளி ஓர் அட்டைத் துண்டைச் செருகி நிறுத்தலாம். எல்லாவற்றையும்விடச் சுலபம், அபெர்ச்சர் வளையம் வைத்த பிலிம் காலத்து லென்ஸ். சோவியத் தயாரிப்பான 58 மி.மீ. ஹீலியோஸ் 44, பென்டாக்ஸின் பழைய ஐம்பதுகள் ஆகியவை இதற்கென்றே தேடப்படுகின்றன. வீட்டு அலமாரியில் அப்பாவின் பிலிம் கேமரா தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்துத் தூசு தட்டுங்கள்.

பிலிம் இருந்த இடத்தில் எறும்பு

கண்ணாடி வழியையும் திருப்பும் வழியையும் சேர்த்தால் நான்கு, ஐந்து மடங்குக்குப் போகலாம். கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் வழக்கம்போல இருக்கட்டும். அதன் மூக்கில், இருபக்கமும் ஆண் திருகு உள்ள கப்ளிங் ரிங் மூலம் 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டுங்கள். இருநூறை ஐம்பதால் வகுத்தால் நான்கு மடங்கு.

க்ளோஸ்-அப் ஃபில்டரின் கணக்கேதான் இதுவும். 50 மி.மீ. என்றால் +20 டயாப்டர். ஒற்றைக் கண்ணாடியில் +20 வைத்தால் படம் வானவில்லாகிவிடும். ஆனால் இங்கே +20ஆக வேலை செய்வது ஆறேழு கண்ணாடிகளால் பிழைநீக்கம் செய்த முழு லென்ஸ். முடிவிலிக்கு வைத்த அந்த லென்ஸுக்கு, பொருள் இருக்க வேண்டிய இடம் முன்பு பிலிம் இருந்த அதே தளம். முன்பு மலையின் பிம்பம் விழுந்த இடத்தில் இப்போது எறும்பு நிற்கிறது, எறும்பிலிருந்து கிளம்பும் ஒளி மலையை நோக்கிப் போவதுபோல இணைகதிராக வெளியேறுகிறது. 200 மி.மீ. லென்ஸ் அந்த இணைகதிர்களைப் பிடித்துச் சென்சாரில் குவிக்கிறது.

முன்னால் இருக்கும் லென்ஸின் துளையை முழுக்கத் திறந்துவைத்து, பின்னால் இருக்கும் லென்ஸின் அபெர்ச்சரைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் படத்தின் நான்கு மூலைகளும் இருண்டுவிடும். நான்கு மடங்கில் பட்டாம்பூச்சி இறக்கையைப் பார்த்தால், கைபட்டால் பொடியாக ஒட்டுமே, அந்தத் தூள் ஒவ்வொன்றும் தனித்தனிச் செதில் என்பது தெரியும். ஒரு செதிலின் நீளம் பத்தில் ஒரு மி.மீ. அளவு. 4 மைக்ரான் பிக்சல் கொண்ட சென்சாரில் அது நூறு பிக்சல் நீளத்துக்கு விழும். வரிசை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதும், சில செதில்கள் உதிர்ந்துபோன இடத்தில் இறக்கையின் தோல் வெளிப்படுவதும் தெளிவாக இருக்கும்.

தண்ணீர்த் துளி

கேமரா இல்லாதவர்களுக்குச் செல்போனே போதும். போன் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் ஐந்து மி.மீ. வாக்கில்தான் இருக்கும். உருப்பெருக்கக் கணக்கில் இதை வகுக்க அதே அளவு குட்டையான ஒரு லென்ஸ் வேண்டும். அது குழாயடியில் சொட்டுகிறது.

தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் 2 மி.மீ. ஆரத்தில் வளைந்தும் இருக்கும் துளியின் குவியத் தூரம் 6 மி.மீ. போனின் ஐந்தை ஆறால் வகுத்தால் 0.8. ஏறத்தாழ மேக்ரோ! போனைப் படுக்கவைத்து, நீர்புகாத வகைதானா என்று உறுதிசெய்துகொண்டு, லென்ஸின் மேல் குச்சியால் ஒரே ஒரு சொட்டு வையுங்கள். மெல்லத் திருப்பினால் பரப்பு இழுவிசை துளியைத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்ளும். தாளில் அச்சான எழுத்துக்கு மேலே அரை செ.மீ. உயரத்தில் பிடித்தால் வண்ண அச்சின் புள்ளிகள் திரையில் எழும். பல லென்ஸ் உள்ள போன்களில் மென்பொருள் தானாக வேறு லென்ஸுக்குத் தாவிவிடும், அதைப் பூட்டிவைக்க வேண்டும். துளி சீக்கிரம் காய்ந்துவிடும் என்ற குறை நீங்க, பழுதான லேசர் பாயின்டரைப் பிரித்து உள்ளே இருக்கும் சிறு பிளாஸ்டிக் லென்ஸை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பிரிப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

இந்தக் குட்டி லென்ஸ் வித்தையில்தான் நுண்ணுயிரியலே பிறந்தது. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக் 17ஆம் நூற்றாண்டில் கடுகளவுக் கண்ணாடி லென்ஸ்களைப் பித்தளைத் தகடுகளுக்கு நடுவே செருகிப் பாக்டீரியாக்களைப் பார்த்தார். அவருடைய கருவிகளில் உட்ரெக்ட்டில் எஞ்சியிருக்கும் ஒன்று 266 மடங்கு பெரிதாக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் அறிமுகப்படுத்திய, தாளை மடித்துச் செய்யும் ஃபோல்டுஸ்கோப்பும் அதே ஒற்றைக் குட்டி லென்ஸ் வம்சம்தான். அதே ஆண்டில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள், ஒரு போன் லென்ஸின் முன்னால் இன்னொரு போன் லென்ஸைத் திருப்பி வைத்து நுண்ணோக்கி செய்யலாம் என்று காட்டினார்கள். இரண்டின் குவியத் தூரமும் சமம் என்பதால் விடை சரியாக 1.

மிச்சப்படாத செலவு

பணம் மிச்சம்தான். ஆனால் இயற்பியல் தன் கணக்கை வேறு வகையில் வசூலிக்கும், மூன்று தவணைகளில்.

முதலாவது ஒளி. குழல் மாட்டி லென்ஸை முன்னால் தள்ளும்போது அதே ஒளி பெரிய பரப்பில் பரவுகிறது. 1:1இல் பிரகாசம் நான்கில் ஒன்றாகவும், இரண்டு மடங்கில் ஒன்பதில் ஒன்றாகவும் குறையும். எஃப் 8 என்று லென்ஸ் சொன்னாலும் 1:1இல் அது எஃப் 16ஆகத்தான் நடந்துகொள்ளும்.

இரண்டாவது ஆழம். ஏபிஎஸ்-சி சென்சாரில் எஃப் 8 வைத்து 1:1இல் எடுத்தால் தெளிவாக இருக்கும் பகுதியின் கனம் 0.6 மி.மீ. சொச்சம். இரண்டு மடங்கில் அது கால் மில்லிமீட்டருக்கும் கீழே. முசுறின் தலை அகலமே ஒன்றரை, இரண்டு மி.மீ.தான். அதில் கண் தெளிந்தால் தாடை மங்கும், தாடை தெளிந்தால் கண் மங்கும்.

துளையைச் சுருக்கினால் ஆழம் கூடுமே என்று எஃப் 22க்குப் போகத் தோன்றும். அங்கேதான் மூன்றாவது தவணை காத்திருக்கிறது. குறுகிய துளை வழியே வரும் ஒளி விளிம்பு விளைவால் பரவி, ஒரு புள்ளியைப் பொட்டாக்கிவிடும். பொட்டின் விட்டம் ஏறத்தாழ, நடைமுறை எஃப் எண்ணை 1.34ஆல் பெருக்கினால் வரும் மைக்ரான். இரண்டு மடங்கில் எஃப் 8 என்பது நடைமுறையில் எஃப் 24. பொட்டு 32 மைக்ரான். எறும்புக் கண்ணின் ஒரு சிறுகண் பொதுவாக 20 மைக்ரான் அளவு, சென்சாரில் அது 40. பொட்டும் சிறுகண்ணும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டன. இன்னும் சுருக்கினால் கண் முழுக்கக் கறுப்பு மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். திறந்தால் சிறுகண்கள் பளிச்சிடும், ஆனால் ஆழம் முடியளவாகிவிடும்.

இந்த இக்கட்டுக்குத் தீர்வு ஃபோகஸ் ஸ்டாக்கிங். எஃப் 4, எஃப் 5.6 போன்ற அளவில் துளையைத் திறந்துவைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் மென்பொருளால் கோப்பது. ஹியூகின் தொகுப்போடு வரும் நிரல்களும் என்ஃபியூஸும் இலவசமாகவே இதைச் செய்யும். லெவன் பிஸ் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்துப் பூச்சிகளை எடுத்தபோது ஒரு பூச்சிக்கு ஏறத்தாழ எட்டாயிரம் படங்களைக் கோத்தார். நமக்குப் பத்துப் பதினைந்து போதும்.

களத்தில்

விடிகாலையில் போங்கள். குளிரில் பூச்சிகள் விறைத்து உட்கார்ந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். வளையத்தைத் திருகிப் பயனில்லை. உருப்பெருக்கத்தை முதலில் முடிவுசெய்துகொண்டு, உடம்பை முன்னும் பின்னும் இம்மியளவு சாய்த்து, கண் தெளியும் நொடியில் அழுத்த வேண்டும். கேமராவைப் பிடித்த கை, பூச்சி உட்கார்ந்திருக்கும் கிளையையும் பிடித்துக்கொண்டால் காற்றில் கிளை ஆடினாலும் கேமராவும் கூடவே ஆடும்.

இரண்டு மடங்கில், பத்தில் ஒரு மி.மீ. நடுக்கம்கூடச் சென்சாரில் ஐம்பது பிக்சல் இழுப்பாகிவிடும். இதை வெல்வது ஷட்டர் அல்ல, ஃபிளாஷ். குறைந்த பவரில் வைத்த ஃபிளாஷ் பத்தாயிரத்தில் ஒரு நொடி அளவே மின்னும், அதற்குள் எந்த நடுக்கமும் பதியாது. நேரடி வெளிச்சம் எறும்பின் உடலில் வெள்ளைப் பொட்டாகத் தெறிக்கும். ஃபிளாஷுக்கும் எறும்புக்கும் நடுவே டிரேசிங் பேப்பரோ கழுவிய பால் கவரோ வையுங்கள், ஒளி பரந்து மென்மையாகும். முசுறுக் கூட்டை மட்டும் தொடாதீர்கள். இலைகளைப் பட்டிழையால் தைத்துக் கட்டிய கூடு அது. கிளை அசைந்தாலே நூறு எறும்புகள் சட்டைக்குள் இறங்கிவிடும்.

செய்து பாருங்கள்

உங்கள் ஏற்பாடு எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்பதை அறிய ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். மி.மீ. கோடுகள் படத்தின் அகலத்துக்கு நேராக வரும்படி வைத்து ஒரு படம் எடுங்கள். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை மி.மீ. அடங்கியிருக்கிறது என்று எண்ணுங்கள். சென்சாரின் அகலத்தை அந்த எண்ணால் வகுங்கள். முழு ஃபிரேம் என்றால் 36 மி.மீ., நிக்கான் ஏபிஎஸ்-சி 23.5, கேனன் ஏபிஎஸ்-சி 22.3. நிக்கான் படத்தில் 12 மி.மீ. அடங்கியிருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அடுத்து ஸ்கேலை 45 பாகை சாய்த்து எடுங்கள். எத்தனை கோடுகள் தெளிவாக இருக்கின்றன என்று எண்ணி 0.7ஆல் பெருக்கினால் ஆழம் கிடைக்கும். எஃப் 4, 8, 16, 22 என நான்கு படங்கள் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெளிந்த கோடுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், ஆனால் நடுக்கோட்டின் கூர்மை ஓரிடத்துக்குப் பிறகு மழுங்கத் தொடங்கும். அந்த இடம்தான் உங்கள் லென்ஸுக்கு ஏற்ற துளை. புத்தகத்தில் படிப்பதைவிட இந்த நான்கு படங்கள் தெளிவாகச் சொல்லும்.

பிறகு மேக்ரோ லென்ஸ் எதற்கு?

1955இல் ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஹைன்ஸ் கில்ஃபிட்டின் 40 மி.மீ. மாக்ரோ-கிலார் சந்தைக்கு வந்தது. 35 மி.மீ. எஸ்எல்ஆருக்கான முதல் மேக்ரோ லென்ஸ் அது. நீளமான நகர்வுப் பாதையை லென்ஸுக்குள்ளேயே வைத்ததுதான் அதன் சிறப்பு. அதற்குப் பின் வந்தவை கண்ணாடித் தொகுதிகளைத் தனித்தனியாக நகர்த்திக் கிட்டத்திலும் பிழைகளைக் குறைத்தன, மூலை வரை சீரான கூர்மை தந்தன. இன்றைய 100 மி.மீ. மேக்ரோ, முன் கண்ணாடியிலிருந்து 13, 15 செ.மீ. தள்ளி நின்றே 1:1 எடுக்கும். முடிவிலியிலிருந்து எறும்பு வரை எதையும் கழற்றாமல், மாட்டாமல் ஒரே வளையத்தில் போய்வரலாம். அபெர்ச்சர் தானாக இயங்கும். கொடுக்கும் பணம் இந்த வசதிகளுக்குத்தான்.

ஒளியிழப்பு, ஆழக்குறைவு, விளிம்பு விளைவு ஆகிய மூன்றும் அந்த விலையுயர்ந்த லென்ஸுக்கும் அதே அளவில் உண்டு. எஃப் 8இல் 1:1 என்றால் அங்கேயும் ஆழம் 0.6 மி.மீ.தான். ஆகவே மலிவுக் குழலில் பழகிய கையும் கண்ணும் வீண்போவதில்லை. பாசி, நாணயம், தபால்தலை, உப்புப் படிகம் என்று அசையாத பொருள்களோடு நின்றுவிடுபவருக்கு ரிவர்ஸ் ரிங்குக்கு மேல் எதுவும் தேவைப்படாது. தட்டானும் பட்டாம்பூச்சியும் நான்கு செ.மீ.க்கு நம்மை விடுவதில்லை, அவற்றைத் துரத்துபவருக்கு நெட்டை லென்ஸும் அக்ரோமேட்டும் வேண்டும், பின்னால் ஒரு நாள் 100 மி.மீ. மேக்ரோவும் வேண்டியிருக்கலாம். எது எதற்குப் போதவில்லை என்று ஸ்கேலும் எறும்பும் சொல்லிக்கொடுத்த பிறகு வாங்குகிற லென்ஸ், பெட்டிக்குள் தூங்காது.